ஜப்பானில் கைவினைப் பொருள்கள்: பார்க்க, வாங்க, கற்றுக்கொள்ள – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் போகத் திட்டமிடுபவர்கள் கைவினைப் பொருள்கள், கடைகள், பயிற்சி வகுப்புகள் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விலைகள் தோராயமானவை. எந்தக் கடைக்கும் போகும் முன் அதன் விடுமுறை நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் எந்த நாளும் யாராவது ஒருவருக்கு விடுமுறையாகத்தான் இருக்கும்.

முதல் முறை போகிறோம். பத்து நாள்; டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா. இதில் கைவினைக்கு எங்கே நேரம் ஒதுக்குவது?

பத்து நாளில் ஒரு நாளை, முடிந்தால் ஓர் இரவையும் சேர்த்து, ஏதாவது ஓர் உற்பத்தி ஊருக்குக் கொடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு யோசிக்கலாம். ஜப்பானில் பெரும்பாலான கைத்தொழில்கள் ஊர்த்தொழில்கள். ஒரு மரக் கிண்ணம் என்றால் கடைசல் பிடிப்பவர் ஒருவர், அடிப்பூச்சு பூசுபவர் ஒருவர், மேல்பூச்சு இன்னொருவர், பொன்தூள் தூவிப் படம் வரைபவர் வேறொருவர். எல்லோரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருப்பார்கள். டோக்கியோவில் கண்ணாடி அலமாரிக்குள் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தால் விலைச்சீட்டுதான் முதலில் கண்ணில் படும். ஊரில் பார்த்தால் அந்த விலை எப்படி வந்தது என்பது தெரியும்.

என்னைக் கேட்டால் ஃபுகுய் மாகாணத்தின் எச்சிசென் பகுதி. காகிதம், கத்தி, உருஷி என்ற மரப்பாலைப் பூசிய பாத்திரம், மர அலமாரி, மண்பாண்டம் என்று அரசின் மரபுக் கைவினைப் பட்டியலில் இடம்பெற்ற ஐந்து தொழில்கள் இங்கே அருகருகே நடக்கின்றன. பக்கத்து சபாயே ஊரில்தான் ஜப்பானில் தயாராகும் மூக்குக்கண்ணாடிச் சட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உருவாகின்றன. 2024 மார்ச் 16 அன்று ஹொகுரிகு புல்லட் ரயில் சுருகாவரை நீண்டபோது எச்சிசென்-டகெஃபு என்ற நிலையமும் கிடைத்தது. டோக்கியோவிலிருந்து மூன்று மணி நேரம் போல ஆகும். கியோட்டோவிலிருந்து வந்தால் தண்டர்பேர்ட் விரைவு ரயிலில் சுருகாவுக்கு வந்து அங்கே மாற வேண்டும். நிலையத்திலிருந்து பட்டறைகளுக்குப் பேருந்து குறைவு. டாக்சிக்குக் காசு எடுத்து வையுங்கள்.

அவ்வளவு தூரம் முடியாது என்றால் கனசாவா. ஊர் பெரியது, நடந்தே சுற்றலாம். ஜப்பானின் தங்க இலை கிட்டத்தட்ட முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு, அதுதான் அந்த இலையின் கனம். மூச்சு விட்டாலே பறக்கும். மூங்கில் இடுக்கியால் அதை எடுத்து ஒரு சின்னப் பெட்டியின் மேல் ஒட்டும் வகுப்பு பல கடைகளில் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

எச்சிசெனில் நேரில் என்ன பார்க்கலாம்? நாமும் செய்து பார்க்க முடியுமா?

முதலில் காகிதம். அந்த ஊரில் காகிதத்துக்கென்றே ஒரு பெண் தெய்வம், கவகாமி கோசென். காகிதம் செய்யும் வித்தையை ஊராருக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள் என்பது ஐதீகம். 1843 இல் கட்டிய கோயில் ஒன்று மலையடிவாரத்தில் இருக்கிறது. கூரைமேல் கூரையாக மடிந்து அலையடிக்கும் அந்த மரவேலைக்காகவே ஒரு நடை போய் வரலாம்.

உதாட்சு என்ற காகிதக் கலைக் காட்சியகத்தில் பழைய முறையில் வேலை நடப்பதை நின்று பார்க்கலாம். கோசோ செடியின் பட்டையை வேகவைக்கிறார்கள், கழுவுகிறார்கள், தண்ணீருக்குள் கையை விட்டுக் கறுப்புத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள். பிறகு அடித்து நாராக்கித் தொட்டியில் கரைக்கிறார்கள். அதோடு தொரோரோ-அவோய் என்ற செடியின் வேர்ச்சாறு சேரும். அந்தச் செடி நம் வெண்டைக்குப் பங்காளி, கொழகொழப்பும் அதேதான். அந்தக் கொழகொழப்பு இருப்பதால்தான் நார் அடியில் போய்த் தங்காமல் தண்ணீரில் பரவி நிற்கிறது, சட்டத்தின் சல்லடையில் நீர் மெதுவாக வடிகிறது. ஈரத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் அடுக்கி அழுத்திய பிறகும் அவை ஒட்டாமல் பிரிவதற்கும் அதுவே காரணம். வெயில் காலத்தில் சாறு சீக்கிரம் நீர்த்துவிடும். அதனால் நல்ல காகிதத்துக்குப் பருவம் குளிர்காலம். கை விறைக்கும் தண்ணீரில் வேலை செய்கிறவர்களைப் பார்த்துவிட்டால் ஒரு தாளின் விலையைப் பற்றி முணுமுணுக்கத் தோன்றாது. இந்த ஊரின் ஹோஷோ வகைக் காகிதம் மர அச்சு ஓவியங்களுக்குப் பேர் பெற்றது. அதைச் செய்யும் ஒன்பதாம் தலைமுறை இவானோ இச்சிபெய் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று அரசால் மதிக்கப்பட்டவர்.

அதே தெருவில் பாப்பிரஸ் நிலையத்தில் நீங்களே ஒரு தாள் எடுக்கலாம். சிறுவர்களும் செய்வார்கள். சட்டத்தை முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் ஆட்ட வேண்டும். தயங்கினால் ஒரு மூலை தடித்துவிடும்.

அடுத்தது டகெஃபு கத்தி கிராமம். பல கொல்லர்கள் ஒரே கூரையின் கீழ் பங்கு போட்டு வேலை செய்யும் இடம். மேலே உள்ள நடைபாதையிலிருந்து பார்க்கலாம். எச்சிசென் கொல்லர்களுக்கு ஒரு தனி வழக்கம். மெல்லியதாக அடிக்கும் கட்டத்தில் இரண்டு கத்தித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, புரட்டிப் புரட்டிச் சேர்த்தே அடிப்பார்கள். இரட்டைக் கனம் இருப்பதால் சூடு சீக்கிரம் ஆறாது, தகடு சமமாக விரியும். சுத்தியல் சத்தத்துக்கு நடுவே அந்த இரண்டு தகடுகளையும் அவர்கள் இடுக்கியில் பிரித்துத் திருப்பும் வேகத்தைக் கவனியுங்கள்.

அக்டோபரில் போகிறவர்களுக்கு ஒரு வாய்ப்பு. 2015 இல் தொடங்கிய ‘ரின்யூ’ என்ற நிகழ்வின்போது, வழக்கமாக மூடியிருக்கும் பட்டறைகளெல்லாம் சில நாள் பொதுமக்களுக்குக் கதவைத் திறக்கின்றன.

டோக்கியோவை விட்டு வெளியே போக வழியில்லை. அங்கேயே என்ன செய்யலாம்?

மூன்று இடங்கள் போதும். அவோயாமா ஸ்கொயர் என்பது மரபுக் கைவினைகளுக்கான காட்சிக்கூடமும் கடையும் சேர்ந்தது. பல மாகாணப் பொருள்களையும் ஒரே தளத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம், யாராவது ஒரு கைவினைஞர் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருப்பார். ஷிபுயாவிலிருந்து இனோகாஷிரா பாதையில் இரண்டாவது நிலையம் கோமபா. அங்கே இருக்கும் நிஹோன் மிங்கெய்கான் 1936 இல் யனாகி சோயெட்சு நிறுவிய அருங்காட்சியகம். பெயர் தெரியாத கைகள் அன்றாடப் புழக்கத்துக்குச் செய்த சட்டி, ஜாடி, துணி ஆகியவற்றின் அழகைப் பேச ஆரம்பித்த மனிதர் அவர். வாங்கும் முன் இங்கே ஒரு மணி நேரம் செலவழித்தால் கண் பழகிவிடும். அப்புறம் கடையில் பளபளப்பைப் பார்த்து ஏமாற மாட்டீர்கள்.

மூன்றாவது கப்பாபாஷி. அசகுசாவுக்கும் உவேனோவுக்கும் இடையே சமையல் பாத்திரக் கடைகள் மட்டுமே வரிசையாக நிற்கும் தெரு. கத்தி, மூங்கில் சல்லடை, உணவகக் கிண்ணம், கடை வாசலில் வைக்கும் பிளாஸ்டிக் சாப்பாட்டு மாதிரி, எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை மூடியிருக்கும்.

கின்சா, நிஹோன்பாஷி பக்கம் பல மாகாணங்கள் நடத்தும் விற்பனை நிலையங்களும் உண்டு. தின்பண்டத்துக்குத்தான் கூட்டம், பின்பக்க அலமாரியில் நல்ல பாத்திரங்கள் ஆளில்லாமல் இருக்கும்.

கியோட்டோவில்?

தேதி ஒத்துவந்தால் சந்தை. தோஜி கோயில் வளாகத்தில் மாதா மாதம் 21 ஆம் தேதி, கிடானோ தென்மங்கு கோயிலில் 25 ஆம் தேதி. பழைய கிமோனோ, கிண்ணங்கள், மரப்பெட்டிகள், கருவிகள் என்று காலையிலேயே பரப்பிவிடுவார்கள். நல்லது பத்து மணிக்குள் போய்விடும்.

நெசவில் ஆர்வம் இருந்தால் நிஷிஜின் பகுதி. பொன்னிழை, வண்ணப்பட்டு போட்டு ஓபி இடைப்பட்டை நெய்யும் ஊர். கோஜோசாகாவில் குயவர் கவாய் கன்ஜிரோ வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. பின்புறம் ஏறிப்போகும் சூளையையும் பார்க்கலாம். கியோமிசு கோயில் சரிவில் தள்ளிக்கொண்டு நடக்கும் கூட்டத்துக்குப் பிறகு அந்த வீடு பெரிய ஆறுதல்.

உண்மையான கைவேலை எது, இயந்திரத்தில் வார்த்தது எது? எப்படிக் கண்டுபிடிப்பது?

1974 இல் வந்த சட்டப்படி அரசு அங்கீகரித்த மரபுக் கைவினைகள் 240க்கும் மேல். அன்றாடம் பயன்படும் பொருளாக இருக்க வேண்டும், முக்கியமான வேலை கையால் நடக்க வேண்டும், செய்முறையும் மூலப்பொருளும் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாவது தொடர்ந்திருக்க வேண்டும், ஒரு வட்டாரத்தில் போதிய எண்ணிக்கையில் ஆட்கள் அந்தத் தொழிலில் இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். தேர்வான பொருளில் சிவப்பு வட்டம் போட்ட முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டு இல்லாததெல்லாம் போலி என்று பொருளில்லை. நல்ல குயவர்கள் பலர் அதைப் பொருட்படுத்துவதே இல்லை.

உருஷிப் பாத்திரத்துக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். அடியில் அல்லது பெட்டியில் உள்ள தரச் சீட்டில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: உள்ளுடல் எதனால் ஆனது, மேற்பூச்சு எது. இயற்கை மரமும் உருஷியும் என்றிருந்தால் அது முழு மரபுப் பொருள். செயற்கைப் பிசினும் யுரேதேனும் என்றிருந்தால் பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு வண்ணப்பூச்சு. கைபேசி மொழிபெயர்ப்பியைச் சீட்டின் மேல் காட்டினாலே போதும். பிளாஸ்டிக்கை வாங்குவதில் தப்பில்லை. மரத்தின் விலையைக் கொடுத்து வாங்காமல் இருந்தால் சரி. அசகுசா நகமிசே தெருவிலும் கியோட்டோவின் கூட்டத் தெருக்களிலும் விற்கும் விசிறி, குடை, சாப்ஸ்டிக் பலவும் வெளிநாட்டில் செய்தவை. சீட்டைத் திருப்பிப் பாருங்கள்.

ஒரு சூப் கிண்ணம் பத்தாயிரம் யென்னுக்கு மேல்! நியாயமா?

உருஷி வேலைக்குப் பேர் போன வாஜிமா ஊரின் கிண்ணம் என்றால் அதுவே குறைந்த விலை. உருஷி மரம் பால் எடுக்கும் பக்குவத்துக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஒரு பருவம் முழுக்கக் கீறி எடுத்தால் ஒரு மரத்துக்குச் சுமார் 200 மில்லி கிடைக்கும். அதோடு மரத்தை வெட்டிவிடுவார்கள். வாஜிமாவில் கிண்ணத்தின் விளிம்பு, அடி போன்ற உடையக்கூடிய இடங்களில் துணி ஒட்டி, அந்த ஊரில் கிடைக்கும் ஒருவகை மண்ணைச் சுட்டுப் பொடித்து உருஷியில் குழைத்துப் பூசி, தேய்த்து, மறுபடி பூசுவார்கள். மொத்தம் நூறு படிகளுக்கு மேல். பதில் அந்த மண்ணில் இருக்கிறது. அது கலந்த அடிப்பூச்சுதான் கிண்ணத்தைப் பல பத்தாண்டுகள் தாங்க வைக்கிறது. பழுதானால் திரும்பக் கொடுத்துப் பூசிக்கொள்ளலாம்.

2024 ஜனவரி 1 நோட்டோ நிலநடுக்கத்தில் வாஜிமாவின் புகழ்பெற்ற காலைச் சந்தைத் தெரு எரிந்துபோனது; பட்டறைகள் பலவும் இடிந்தன. அந்தச் சந்தை வியாபாரிகள் வேறு ஊர்களுக்குப் போய்க் கடை விரித்தார்கள். கனசாவாவிலோ டோக்கியோவிலோ வாஜிமா பொருள் கண்ணில் பட்டு, கையில் காசும் இருந்தால், இப்போது வாங்குவது நல்ல காரியம்.

கத்தி வாங்க ஆசை. நம் வீட்டுச் சமையலுக்கு எது சரிப்படும்?

முதலில் நீங்கள் இடக்கையரா என்று சொல்லிவிடுங்கள். மீன் அரியும் யனாகிபா, கனத்த தெபா போன்றவை ஒரு பக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டியவை. வலக்கைக்குச் செய்ததை இடக்கையால் பிடித்தால் வெட்டு கோணலாகப் போகும். நம் சமையலறைக்கு இருபக்கமும் தீட்டிய சந்தோகு அல்லது காய்கறிக்கான நகிரி போதும். நல்லது பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் யென்னுக்குள் கிடைக்கும்.

அடுத்து எஃகு. உயர்கார்பன் எஃகு அருமையாகக் கூர்மை ஏறும், ஆனால் துருப்பிடிக்கும். புளி, எலுமிச்சை, வெங்காயம் நறுக்கிவிட்டு அப்படியே தொட்டியில் போடும் வீடு என்றால் பத்து நிமிடத்தில் கறை ஏறிவிடும். அந்த வீடுகளுக்கு ஸ்டெயின்லெஸ், அல்லது கூர்முனை மட்டும் கார்பனாகவும் இருபக்கமும் ஸ்டெயின்லெஸ்ஸாகவும் உள்ள ரகம். எதுவானாலும் தேங்காய் உடைக்க, எலும்பு வெட்ட, சேனைக்கிழங்கோடு மல்லுக்கட்ட எடுக்காதீர்கள். கடினமான எஃகு வளையாது, பல் போகும். அருவாமனையை வீட்டில் வைத்திருங்கள், அதற்கு வேலை இருக்கும்.

ஒசாகா பக்கம் போகிறவர்களுக்கு சாகாய் நகரம் அருகில். அடிப்பவர், தீட்டுபவர், பிடி போடுபவர் என்று அங்கே வேலை பிரிந்திருக்கும். பல கடைகளில் கத்தியில் பெயர் செதுக்கித் தருவார்கள். தமிழ் எழுத்தை எழுதிக் காட்டிக் கேளுங்கள், சிலர் முயல்வார்கள்.

வாங்கியதைப் பெட்டியிலிருந்து பிரிக்காமல் அறைக்குக் கொண்டுபோங்கள். ஆறு சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியைத் தக்க காரணமின்றி எடுத்துத் திரிவது அந்த நாட்டில் குற்றம். விமானத்தில் சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும்.

‘நம்பு’ என்ற வகை இரும்புக் கெட்டில் அழகாக இருக்கிறதே. அடுப்பில் வைக்கலாமா?

உள்ளே பாருங்கள். பளபளப்பான எனாமல் பூசியிருந்தால் அது தேயிலை ஊறவைக்கும் க்யூசு. அடுப்பில் வைத்தால் பூச்சு வெடித்துவிடும். உள்ளே வெறும் இரும்பாக இருந்தால் அது தண்ணீர் கொதிக்கவைக்கும் டெட்சுபின். இரண்டும் வெளியே ஒரே மாதிரி இருக்கும், விலையில் பெரிய வித்தியாசம். டெட்சுபினில் தண்ணீரைத் தங்கவிடாமல் ஊற்றிவிட்டு, உடல் சூட்டிலேயே உலரவிட வேண்டும். உள்ளே கொஞ்சம் செம்பழுப்பு படிந்தால் பதறிப்போய்த் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை கவலையில்லை. மொரியோகாவும் மிசுசாவாவும் இதன் சொந்த ஊர்கள்.

ஒன்றரை மணி நேரத்தில் கின்ட்சுகி கற்றுத் தருகிறார்களாம். சேரலாமா?

பொழுதுபோக்குக்குச் சேரலாம். ஆனால் உடைந்த கோப்பையை உருஷியால் ஒட்டி, இடுக்கை நிரப்பி, தேய்த்து, மேலே பொன்தூள் தூவும் அசல் முறைக்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். உருஷி வெயிலில் காய்வதில்லை; காற்றில் ஈரம் இருந்தால்தான் இறுகும், அதுவும் ஒவ்வொரு பூச்சுக்கும் நாள்கணக்கில். குறுகிய வகுப்புகளில் பெரும்பாலும் எப்பாக்சி பசையும் பித்தளைப் பொடியும்தான். அந்தக் கோப்பையில் பூ வைக்கலாம். காபி குடிக்க வேண்டாம். வகுப்பில் அசல் உருஷி தருகிறார்கள் என்றால் கையுறை கட்டாயம். ஈர உருஷி தோலில் பட்டால் பலருக்குக் கொப்புளம் வரும். சேங்கொட்டை, முந்திரி குடும்பத்து மரம்தானே.

கிமோனோ வாடகைக்கு எடுத்து உடுத்துவது கேலிக்கூத்தாகத் தெரியாதா?

யாரும் அப்படி நினைப்பதில்லை. ஜப்பானிய இளைஞர்களே கியோட்டோவுக்கு வந்தால் வாடகைக்கு எடுத்துத்தான் சுற்றுகிறார்கள். மூவாயிரம், ஐந்தாயிரம் யென்னில் ஒரு நாள் கிடைக்கும். இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. கால்தான் முதலில் வலிக்கும். அந்தச் செருப்போடு சரிவுகளில் ஏறும் திட்டத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

விலைக்கு வாங்க நினைத்தால் சந்தையில் பழைய கிமோனோ ஆயிரம் யென்னிலேயே கிடைக்கும். கை நீளம் பெரும்பாலும் குட்டையாக இருக்கும், போட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல யோசனை ஹவோரி. மேலே போடும் அரைக் கோட்டு. ஜீன்ஸ் மேலேயும் போடலாம், சுடிதார் மேலேயும் போடலாம். உள்பக்க லைனிங்கில்தான் ஓவியம் ஒளிந்திருக்கும்.

கியோட்டோவின் கியோன் பகுதியில் ஒரு எச்சரிக்கை. அங்கே தனியார் சந்துகளில் 2024 முதல் சுற்றுலாப் பயணிகள் நுழையத் தடை; மீறினால் பத்தாயிரம் யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும் மைக்கோவை (கெய்ஷா ஆவதற்குப் பயிற்சி பெறும் இளம்பெண்) வழிமறித்துப் படம் எடுத்தவர்களால் வந்த வினை.

ஜப்பானியத் துணிகளுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் நேரடியாக. எடோ காலத்தில் (17 முதல் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை; எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர்) நாகசாகிக்கு வந்த டச்சுக் கப்பல்கள் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளை இறக்கின. பழவேற்காட்டில் அவர்களுக்குக் கோட்டையும் பண்டகசாலையும் இருந்தது. மெல்லிய கோடு போட்ட பருத்தித் துணி மயிலாப்பூர் சாந்தோமின் பெயரிலேயே ஜப்பானில் ‘சாந்தோமே’ என்று புழங்கியது. எடோ நகரத்து ஷோக்குப் பேர்வழிகளிடையே அதற்குக் கிராக்கி. பிறகு உள்ளூரிலேயே நெய்யத் தொடங்கினார்கள். டோக்கியோவுக்குப் பக்கத்தில் உள்ள கவகோயே அந்தக் கோட்டுத் துணிக்குப் பேர் பெற்றது, இன்றும் அங்கே அந்த வகைத் துணி கிடைக்கும். பூ அச்சிட்ட நம் கரைத் துணிகளைத் தேநீர்க் கலைஞர்கள் சின்னத் துண்டானாலும் விடாமல், தேயிலைத்தூள் ஜாடிக்குப் பை தைத்துப் பாதுகாத்தார்கள். டோக்கியோ, கியோட்டோ அருங்காட்சியகங்களில் அந்தத் துண்டுகளைக் காணலாம். ‘சராசா’ என்று சீட்டில் இருக்கும்.

தேநீர்ச் சடங்கில் கலந்துகொள்ள வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி. தரையில் மண்டியிட முடியாது.

நாற்காலி உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். மேசை, நாற்காலி போட்டு நடத்தும் ர்யூரே என்ற முறையே இருக்கிறது. 1872 கியோட்டோ கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டவருக்காக உராசென்கே மரபினர் வகுத்தது. ஆகவே அது ஏதோ சலுகை என்று அம்மா கூச்சப்பட வேண்டாம். சுத்தமான காலுறை அணிந்து போங்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள், கோப்பையில் கீறல் விழும். இனிப்பை முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் மச்சா. குடிக்கும் முன் கோப்பையைக் கொஞ்சம் திருப்புவது, அதன் அழகான முகத்தில் வாய் வைக்காமல் இருக்க. உஜியில் செய்தால் தேயிலைத் தோட்டத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.

நாங்கள் சுத்த சைவம். வகுப்பில் எதையாவது தெரியாமல் சாப்பிட்டுவிடுவோமோ?

சமையல் வகுப்புகளில் அந்த ஆபத்து உண்டு. சாறு என்றாலே பெரும்பாலும் கட்சுவோ மீன். அதற்குப் பதிலாக வாகாஷி இனிப்பு வகுப்பு எடுங்கள். வெள்ளைப் பயறு விழுது, அரிசி மாவு, சர்க்கரை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் கன்டென். பெரும்பாலும் இவ்வளவுதான். பூ வடிவில் பிடித்து, மூங்கில் குச்சியால் இதழ் கீறி, நீங்களே சாப்பிடலாம். தொராயாகி, கஸ்தெரா என்ற கேக் போன்ற இனிப்புகளில் முட்டை உண்டு.

பேரம் பேசலாமா? வரி திரும்பக் கிடைக்குமா?

கடையிலும் பட்டறையிலும் பேரம் கிடையாது. பழம்பொருள் சந்தையில் இரண்டு மூன்று பொருள் சேர்த்து எடுத்தால் சிரித்துக்கொண்டே கேட்டுப் பார்க்கலாம். பணத்தைக் கையில் கொடுக்காமல் தட்டில் வையுங்கள். சின்னப் பட்டறைகளில் அட்டை செல்லாமல் போகலாம்; செவன் இலெவன் கடை ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்குப் பணம் வரும்.

விற்பனை வரி 10 சதவீதம், உணவுக்கு 8. வரிவிலக்குக் கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கு வாங்கினால் விலக்கு உண்டு. பாஸ்போர்ட் அசல் வேண்டும், நகல் உதவாது. 2026 அக்டோபர் 31 வரை கல்லாவிலேயே வரியைக் கழித்துவிடுவார்கள். நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: வரியோடு முழு விலையும் கொடுத்துவிட்டு, புறப்படும் விமான நிலையச் சுங்கத்தில் பொருளைக் காட்டி உறுதி செய்த பிறகு பணம் திரும்ப வரும். அதனால் வாங்கியவற்றைப் பெட்டியின் அடியில் புதைக்காதீர்கள்.

அலுவலகத்தில் இருபது பேருக்குக் கொடுக்க வேண்டும். ஆயிரம், இரண்டாயிரம் யென்னுக்குள் என்ன இருக்கிறது?

டெனுகுய். ஏறத்தாழ 35க்கு 90 சென்டிமீட்டர் பருத்தித் துண்டு. எடை இல்லை, உடையாது. ஓரம் தைக்காமல்தான் வரும்; கொஞ்சம் நூல் பிரிந்து தானே நின்றுவிடும், குறை என்று எண்ண வேண்டாம். துணியை அடுக்காக மடித்துச் சாயத்தை ஊற்றி மறுபக்கம் இழுக்கும் சூசென் முறையில் செய்ததா என்று பாருங்கள், இரு பக்கமும் ஒரே நிறம் இருக்கும். வீட்டுப் பெரியவர்களுக்கு ஊதுபத்தி. ஜப்பான் ஊதுபத்தியில் பெரும்பங்கு அவாஜி தீவில் தயாராகிறது. குச்சி கிடையாது, புகை குறைவு. உயர்ரகத்தில் மைசூர்ச் சந்தனம் என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். நம் பக்கத்து ஊர்ச் சந்தனத்தை அங்கிருந்து சுமந்து வருவது வேடிக்கைதான், ஆனால் வாசனை வேறு தினுசு.

ஹகோனே போனால் யொசெகி மரவேலை. வெவ்வேறு நிற மரக் குச்சிகளை ஒட்டிக் கட்டையாக்கி, இழைப்புளியால் சீவினால் கோலம் போட்ட மெல்லிய ஏடு வரும். அதைப் பெட்டிமேல் ஒட்டுவார்கள். ரகசியப் பெட்டி விலை அதிகம். கோப்பை வைக்கும் தட்டு கைக்கு அடக்கம்; குழந்தைகள் தாங்களே ஒட்டிச் செய்யவும் வகுப்பு உண்டு.

எதை வாங்கவே கூடாது?

தந்தம், ஆமையோடு. ஜப்பானில் உள்ளே சட்டப்படி விற்பனைக்கு இருந்தாலும் நாட்டைத் தாண்டிக் கொண்டுவந்தால் சிக்கல் உங்களுக்கு. பழைய வாள் என்றால் கலாச்சார முகமையின் அனுமதிச் சான்று இல்லாமல் வெளியே போகாது.

உடையாமல் எப்படிக் கொண்டுவருவது? வந்தபின் எப்படி வைத்துக்கொள்வது?

கடையில் கட்டித் தருவதைப் பிரிக்காதீர்கள்; அவர்களைவிட நன்றாக நம்மால் கட்ட முடியாது. மண்பாண்டம் கைப்பையில், இரும்பும் கத்தியும் சரக்குப் பெட்டியில். தேநீர்க் கோப்பை பெயரெழுதிய மரப்பெட்டியோடு வந்தால் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். அது இல்லாவிட்டால் பிற்பாடு கோப்பைக்கு மதிப்புக் குறையும். வரிவிலக்கில் வாங்கியதை நீங்களே தபாலில் அனுப்பிவிட்டு விமான நிலையத்தில் ரசீது காட்டும் வழி 2025 ஏப்ரலில் நின்றுபோனது. கனமான பொருள் என்றால் கடையையே நேரே வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

உருஷிக் கிண்ணத்தை மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் இயந்திரம், நேர்வெயில் மூன்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். மற்றபடி மென்மையான பஞ்சும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். ரசம் ஊற்றலாம், பாயசம் ஊற்றலாம். அலமாரியில் பூட்டி வைத்தால்தான் வறண்டுபோகும். பிசென் போன்ற மெருகு பூசாத மண்பாண்டத்தைப் பரிமாறும் முன் ஒரு தடவை தண்ணீரில் நனைத்துவிடுங்கள், எண்ணெய்க் கறை பிடிக்காது.